ளுஹருக்கு விழிக்கும் மெஷின்

அத்தியாயம் 6

விலங்கு மாட்டுவதற்கும் நேரம் குறித்து அறிவித்தல் போடுகிற சங்கத்தை இஹ்ஸான் அன்றைக்குத்தான் கண்டான். மூன்று மணிக்கு விசேட கூட்டம். மூன்றரைக்கு றுஷ்தாவைப் பொலிஸில் ஒப்படைத்தல். இரண்டுக்கும் நடுவே தேநீர் என்று அழகான கையெழுத்தில் எழுதிப் பலகையில் குத்தியிருந்தார்கள். இப்போது மணி பத்தரை.

"அக்கா, கள்ளன எப்பப் புடிக்கிற? தேத்தண்ணிக்கு முன்னுக்கா, பின்னுக்கா?"

"ஆற முந்தி," என்றார் புஸ்பராணி.

தந்திக் கந்தோரில் முப்பது வருடம் அடுத்தவர்களின் அவசரங்களைச் சொல் எண்ணி அனுப்பியவர் புஸ்பராணி. ஓய்வு பெற்ற பிறகும் அந்த அவசரங்கள் அவரை விடவில்லை, துப்பறியத் தொடங்கிவிட்டார். கைப்பையில் எப்போதும் ஒரு சரை கச்சான் கடலை இருக்கும். கோதைக் கீழே போடமாட்டார், திரும்பப் பைக்குள்ளேயே போடுவார். இஹ்ஸான் கிண்ணியாக்காரன், நாற்பதைத் தாண்டியவன், முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். ஹயர் இல்லாத நேரத்தில் தான் துப்பறியும் உதவியாளன் என்று அவன் சொல்லிக்கொள்வான். உதவியாளனாக இருப்பதால்தான் ஹயரே இல்லை என்று அவன் மனைவி சொல்வாள்.

வழக்கு இதுதான். திருகோணமலைத் துறைமுக ஓரத்தில் இருக்கும் இந்த மீனவர் சங்கத்தின் படகுகள், போனால் ஒரு மாதம் ஒன்றரை மாதம் ஆழ்கடலில் கிடப்பவை. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு படகும் தான் நிற்கும் இடத்தை வானொலியில் சங்கேதமாகச் சொல்ல வேண்டும். காற்று மாறினால் யாரை எங்கே தேடுவது என்று கரைக்குத் தெரிய வேண்டுமே. ஆனால் படகு நிற்கும் இடம் என்றால் மீன் நிற்கும் இடம். ஆகவே அது வானொலி அறையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். கடந்த மூன்று வாரத்தில் சட்டம் மூன்று தரம் செத்துப்போனது. சுபைதா என்பவரின் 'முத்துப்பிறை' படகு சூரை மீன் கூட்டத்தைக் கண்டுபிடிப்பதும், இரண்டாம் நாள் வேறொரு படகு அழைப்பு வைத்தது போல அங்கே வந்து நிற்பதும் வழக்கமாகிவிட்டது. இனிமேல் பொய் இடம்தான் சொல்வோம் என்று முத்துப்பிறையில் இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். கார்த்திகை மாதத்து வங்காள விரிகுடாவில் அது விளையாட்டல்ல.

இடம் எப்படி வெளியே போகிறது? எல்லோருடைய விரலும் றுஷ்தாவையே காட்டியது.

றுஷ்தா மூதூர்ப் பெண், இருபத்தெட்டு வயது. மெஷின் அறையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுனாமிக்குப் பிறகு ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் விட்டுவிட்டுப் போன ஏழு பழைய கம்பியூட்டர்களை உயிரோடு வைத்திருப்பவள் அவள்தான். புதிதாக வந்தவையெல்லாம் உப்புக்காற்றில் ஒரு வருடம் தாங்கவில்லை. இந்த ஏழும் தாங்கின, ஆனால் இன்றைய மென்பொருள் எதுவும் அவற்றில் ஓடாது. ஆகவே ஒரேயொரு ப்ளொப்பித் தட்டில் அடங்கும் சின்ன இயங்குதளத்தை அவளே எழுதினாள். தமிழ் எழுத்தையும் அவளே வரைந்து சேர்த்தாள். பெயர் 'சிப்பி'.

"முந்தி ஏழு மெஷினும் ஏழு தீவு, மெடம்," என்றாள். "ஒண்டுல அடிச்சத மற்றதுக்குக் கொண்டுபோக ப்ளொப்பியத் தூக்கிட்டு ஓடணும். போன மாசம்தான் சிப்பிக்கு வயரால கதைக்கிற ஈதர்நெட் பழக்கினன். பழைய கார்ட் ஏழு தேடி எடுத்து, அத ஓட்டுறதுக்கு ஒரு ட்ரைவர் எழுதி..."

"ட்ரைவரெண்டா லேசான தொழில் இல்ல," என்று இஹ்ஸான் சட்டைக் கொலரைச் சரிசெய்தான்.

"வயர் இழுத்து எல்லாத்தையும் ஒண்டோடொண்டு கதைக்க வெச்சன். மெடம், இது கதைக்கத் தொடங்கின பிறகுதான் இடமும் வெளிய போகுது. அதான் எல்லாரும் என்னயே..." வேலை போனால் வேறு தேடலாம். கம்பியூட்டர் கள்ளி என்று மூதூர் முழுக்கப் பெயர் போனால் அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

மேசையில் ஒரு கற்றைக் காகிதம் கிடந்தது. யார் எதைக் கேட்டாலும் கேட்ட நேரத்தையும் கேட்ட மெஷினின் நம்பரையும் வானொலி அறையின் மெஷின் பதிந்து வைக்குமாம். இருபத்திரண்டு நாளாக, பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் இடையில், யாரோ முத்துப்பிறையின் இடத்தைக் கேட்டிருந்தார்கள். இருபத்திரண்டு நாளும் நம்பர் ஒன்றுதான். அது றுஷ்தாவின் மெஷின்.

"நம்பர் மாறாதோ?"

"ஒவ்வொரு கார்டுக்கும் பொறந்த நம்பர் ஒண்டு இருக்கு, மெடம். ஃபெக்டரியிலயே போட்டு அனுப்புறது. மெஷினுக்குள்ள பூட்டின அண்டைக்கு ஏழு நம்பரையும் நானே எழுதி ஒட்டினன். ஏழும் வேற வேற."

"அந்த நேரத்தில நீங்கள் எங்க?"

"ளுஹர் தொழப் போயிருப்பன். பின்னால சின்ன அறை ஒண்டு இருக்கு. போக முந்தி மெஷின நிப்பாட்டிருவன், பெற்றறில ஓடுறது வீணாப் போயிருமே. பாத்த ஆள் யாருமில்ல. அல்லாஹ்தான் பாத்தவன்."

"அது சரி புள்ள," என்றான் இஹ்ஸான். "கமிட்டிக்கு மனுசச் சாட்சி வேணுமாம்."

அத்தர் வாசம் முதலில் வந்தது, பின்னால் செயலாளர் முனீப் வந்தார். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. 'அல் பறக்கா' என்ற படகின் சொந்தக்காரர். முத்துப்பிறையைத் தேடிப் போன மூன்று படகில் அதுவும் ஒன்று. அதிர்ஷ்டம் என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிட்டவர்.

"நல்ல குடும்பத்துப் புள்ள, மிஸ். எனக்கும் கவலதான். ஆனா நம்பர் பொய் செல்லாதே. மெஷின் வயர் எல்லாம் இப்பிடியே இருக்கட்டும், நல்ல சாமான். இவ மட்டும் போனாச் சரி."

புஸ்பராணி கச்சான் ஒன்றை உடைத்தார். பிறகு இன்னொரு கட்டுக் காகிதத்தைப் பார்த்தார். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் ஏற்றினார்கள் என்ற பட்டியல் அது.

"இந்த ஐஸ் அறை மெஷின்ர நம்பர் ஐந்தாந் திகதிக்குப் பிறகு பதிவில எங்கயும் இல்லையே, தங்கச்சி?"

"அது பழுது, மெடம்."

"நான்தான் திருத்த வேணாமெண்ட," என்று முனீப் குறுக்கிட்டார். "ரெண்டு தரம் இவ கேட்டவ. செத்த சாமானோட ஏன் மாரடிக்கிற?"

"செத்ததெண்டா இந்த ஐஸ் கணக்கு ஒவ்வொரு நாளும் எப்பிடி உள்ளுக்கு வந்தது?"

"துண்டில எழுதி அனுப்பியிருப்பாங்க. யாராவது அடிச்சிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு முனீப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்கிற பார்வை அது. இஹ்ஸானுக்கு அந்தக் கடிகாரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

வெளியே வந்ததும் புஸ்பராணி கேட்டார்: "வீட்டில களவு போனா என்ன தம்பி செய்வீங்கள்?"

"கதவுக்குப் பூட்டுப் போடுவன்."

"இந்த ஆள் காவல்காரியை அனுப்பிப்போட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுது."

ஐஸ் அறை இறங்குதுறையின் அந்தத்தில் இருந்தது. வாசலில் மூன்று படகின் ஆட்கள் தள்ளுவண்டியோடு வரிசையில் நின்றார்கள். அல் பறக்காவின் ஆட்களும் நின்றார்கள். புஸ்பராணியைக் கண்டதும் அவ்வளவு நேரம் நடந்த கதை நின்றுவிட்டது. ஒருவன் கடலைப் பார்த்தான், ஒருவன் காலைப் பார்த்தான். ஐஸ் வாங்க வந்தவர்கள் ஏன் ஐஸாகிப் போனார்கள் என்று இஹ்ஸான் யோசித்தான்.

உள்ளே இராசையா என்ற அறுபது வயதுக்காரர் ஐஸ் பாரை அரைவை மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். ஈச்சிலம்பற்றுக்காரர், இரண்டு வருடமாக இங்கே வேலை. மூலையில் மீன்பெட்டியின் மேல் அந்த மெஷின், பொலித்தீன் உறை போட்டு. சுவரில் பழைய கடல் வரைபடம் ஒன்று, ஈரத்தில் விளிம்பு சுருண்டு தொங்கியது.

"இது பழுதாமே, அண்ணை?"

"பழுதெண்டில்லை, பிள்ளை. அதுக்கு ஒரு குணம் இருக்கு," என்றார் இராசையா. "விடியக்காலம் என்ன செய்தாலும் கதைக்காது. ளுஹர் பாங்கு கேட்டுக் கொஞ்சம் போனாப் பிறகுதான் எழும்பும். ஒண்டரைக்கெல்லாம் திரும்பப் படுத்திடும். அதுக்குள்ள நான் ஐஸ் கணக்கை அடிச்சுப்போடுவன்."

"யா அல்லாஹ்!" என்றான் இஹ்ஸான். "அக்கா, இந்த மெஷின் என்னைவிட நல்ல முஸ்லிம். நானாவது ஹயர் கிடைச்சா ளுஹரப் பிந்தித் தொழுவன். இது ஒரு நாளும் தவறவிடுறதில்ல!"

வெளியே நின்றவர்கள் கூடச் சிரித்தார்கள். புஸ்பராணி மட்டும் சிரிக்கவில்லை. கச்சானை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. அவர் மெஷினைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். இஹ்ஸானும் பார்த்தான். வரைபடத்தில் பென்சிலால் வைத்த புள்ளிகள், கிழக்கே கடலுக்குள் ஒரு வரிசையாக. இலையான் எச்சம் என்று நினைத்து விட்டுவிட்டான்.

மெஷின் அறைக்குத் திரும்பியபோது பதினொன்றரை. புஸ்பராணி கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒரு கார்ட் தன்ர பிறந்த நம்பரை மறக்குமோ?"

"மறக்கும், மெடம். ஈரம் பட்டா உள்ளுக்கு இருக்கிற சின்னச் சில்லு போயிரும். அப்ப கார்ட் நம்பர் இல்லையெண்டுதான்..." பாதியில் றுஷ்தாவின் முகம் வெளிறியது. "யா ரப்பீ."

"சொல்லுங்கோ."

"ட்ரைவர் எழுதேக்குள்ள என்னட்ட அப்பிடி ஒரு கார்ட் இருந்த. நம்பர் இல்லாட்டி அது வயர்ல கதைக்க ஏலாது. பரிசோதனைக்கு, கார்ட் நம்பர் சொல்லாட்டி இந்த நம்பரப் பாவி எண்டு ஒரு வரி எழுதினன். கைக்கு வந்தது என்ட சொந்த நம்பர். பிறகு அழிக்கணுமெண்டு நினைச்சன்."

"அழிச்சனீங்களோ?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அந்த ப்ளொப்பியைத்தான் ஏழு மெஷினுக்கும் பிரதி பண்ணிப் போட்டிருந்தாள். பூட்டிய அன்று ஏழு கார்டும் தத்தம் நம்பரைச் சரியாகச் சொன்னதால் அந்த வரிக்கு வேலையே இருக்கவில்லை. ஐந்தாந் திகதி ஐஸ் அறை ஈரத்தில் ஒரு கார்ட் தன் நம்பரை மறந்தது. அன்றிலிருந்து அது றுஷ்தாவின் நம்பரைச் சொல்லிக்கொண்டு திரிகிறது.

"ஒரே அடையாள அட்டையோட ரெண்டு பேர்," என்றான் இஹ்ஸான்.

"ஓம், இஹ்ஸான் நானா. ரெண்டும் ஒரே நேரம் முழிச்சிருந்தா, ஒண்டுக்கு வாற பதில மற்றது தனக்கில்லையெண்டு தட்டிவிட்டிரும். காலையில சில நேரம் என்ட மெஷினும் இழுபடும், நான் எழுதினதில பிழையெண்டு நினைச்சி ராப்பகலாத் தேடினன். நான் தொழப் போகக்க நிப்பாட்டினாத்தான் ஐஸ் அறைக்கு வழி கிடைக்கும்." அவள் கண்ணைத் துடைத்தாள். "மெடம், இன்னும் மோசம். பராமரிக்கிறதால எல்லா இடத்தையும் பாக்க என்ட நம்பருக்கு மட்டும்தான் அனுமதி. அந்த அனுமதியும் அங்க போயிருக்கு. பிழை என்டதான். இப்பவே போய்க் கமிட்டிக்குச் சொல்லிருவம்."

"சொன்னா முனீப் என்ன சொல்லுவார்? தன்ர களவை மறைக்க ஒரு ஏழைக் கிழவனை இழுக்கிறாள் எண்டுவார். கையோட பிடிக்க வேணும்."

திட்டம் சின்னதுதான். வானொலி அறையில் இருபது வருடமாக இருக்கும் கதிராமன் உண்மையான இடங்களைத் தன் அப்பியாசக் கொப்பியிலும் எழுதி வைக்கிற பழைய ஆள். ஆகவே மெஷினில் பொய் எழுதினால் யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை. பன்னிரண்டு மணிக்கு முத்துப்பிறை வழமையான ஆழ்கடலில் இருந்து பேசியது. கதிராமன் மெஷினில் வேறு இடத்தை அடித்தார்: வெருகல் ஆற்று வாய்க்கு நேரே, கரையிலிருந்து இரண்டே மைல். ஆற்றுச் சேறு கலக்கிற அந்தத் தண்ணீரில் சூரை தேடி எவனும் போகமாட்டான், யாராவது சொல்லியனுப்பினால் தவிர.

பன்னிரண்டு நாற்பது. றுஷ்தா மெஷினை நிறுத்திவிட்டுத் தொழப் போனாள். ஐஸ் அறையில் வெற்று மீன்பெட்டி அடுக்குக்குப் பின்னால் புஸ்பராணியும் இஹ்ஸானும் குந்தியிருந்தார்கள். குளிரில் இஹ்ஸானுக்குப் பல் அடித்தது. அந்தச் சத்தத்தை அடக்க சாரத்தின் தலைப்பைக் கடித்துக்கொண்டான்.

இராசையா வந்தார். கையைச் சாரத்தில் துடைத்தார். ஒரு விரலால் அடித்தார். திரை விழித்தது. ஐஸ் கணக்கை அவர் தொடவில்லை; முதலில் இன்னொன்றைக் கேட்டார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து வரைபடத்துக்குப் போனார். வழமையான வரிசைக்குப் பக்கத்தில் கையை வைத்தார், திரும்பிப் போய்த் திரையைப் பார்த்தார், மறுபடி வந்தார். கை மெல்ல மெல்லக் கரைப்பக்கம் நகர்ந்து வெருகலில் நின்றது. புள்ளி வைத்தார். அடுத்த நிமிடம் சேர்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அறுபது வயது ஆள் அப்படி ஓடுவாரென்று இஹ்ஸான் எதிர்பார்க்கவில்லை.

"கள்ளன் ஓடுறான் அக்கா! மேலிடத்துக்குச் சொல்லப் போறான்!"

"வண்டியை எடுங்கோ."

துறைமுக வீதியில் அவர் ஒரு மினி பஸ்ஸில் தொற்றினார். பஸ் நிலையத்தில் இறங்கினார். நடுவில் ஒரு கடையில் நின்று ஒரு பெட்டி மஸ்கட் வாங்கினார். கூட்டாளியிடம் இனிப்போடு போகிற கள்ளனை இஹ்ஸான் அதுவரை கண்டதில்லை. அவர்கள் பிடித்தபோது இராசையா ஈச்சிலம்பற்று பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்திருந்தார். பஸ்ஸுக்குப் பக்கத்தில், நகரத்துக்குள் திரிகிற புள்ளிமான் ஒன்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது.

"யாரைச் சந்திக்கப் போறீங்கள், அண்ணை?" என்று புஸ்பராணி யன்னலால் கேட்டார்.

இராசையா மறைக்கவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"என்ர மகன் வாறான், பிள்ளை. ரூபன். முத்துப்பிறையிலதான் நிக்கிறான். படகு எங்கட ஊருக்குப் பக்கத்தில, வெருகலுக்கு வந்திட்டுது. வீட்டைதான் வாறான்."

இஹ்ஸான் யன்னல் கம்பியில் இருந்த கையை எடுத்தான்.

"என்ர தம்பியைக் கடல் கொண்டுபோனது. இவனும் கடலுக்குத்தான் போவன் எண்டு நிண்டான். போனா என்ர வாசலை மிதிக்காதை எண்டு சொல்லிப்போட்டன். ரெண்டு வருசம், மிதிக்கேல்லை. அதான் வயலைக் குத்தகைக்குக் குடுத்துப்போட்டு இங்க ஐஸுக்கு வந்தனான், தூரத்திலயாவது பாக்கலாமெண்டு. என்னைக் கண்டா மற்றப் பக்கத்தால போயிடுவான். ஒருநாள் இந்த மெஷின் கேக்காமலே அவன் நிக்கிற இடத்தைக் காட்டினது. பாக்கக்கூடாதெண்டு தெரியும். பாத்தனான். ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி. புள்ளி வைச்சா அண்டைக்கு அவன் இருக்கிறான் எண்டு அர்த்தம்."

கண்டக்டர் பஸ்ஸைத் தட்டினான். புஸ்பராணியின் முகத்தை இஹ்ஸான் பார்த்தான். நாலு வருடத்தில் அந்த முகத்தில் வெட்கத்தை அவன் கண்டதில்லை. பேசாமல் விட்டால் கிழவர் இரண்டு மணி நேரம் சந்தோசமாகப் போவார், ஆற்று வாயில் நின்று வெறும் கடலைப் பார்ப்பார், மூன்றரைக்கு றுஷ்தாவைக் கொண்டுபோய்விடுவார்கள்.

"அண்ணை, அந்தப் புள்ளி பொய்," என்றார் புஸ்பராணி. "நான்தான் எழுதச் சொன்னனான். ரூபன் வரேல்லை. ஆழ்கடலிலதான் நிக்கிறான், சுகமா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இராசையா மஸ்கட் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு இறங்கினார். திட்டவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று இஹ்ஸானுக்கு இருந்தது.

வண்டியில் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அந்தப் படத்தைப் பாத்தே மற்றவங்கள் போனவங்கள்?"

"உங்கட வாசலில ஐஸுக்கு வரிசையில நிக்கிறவன் சுவரைப் பாக்காமல் வேற எதைப் பாக்கிறது, அண்ணை? கரை முழுக்கத் தெரியும். கந்தோருக்கு மட்டும் தெரியாது."

மூன்று மணிக் கூட்டத்தில் தேநீரை யாரும் தொடவில்லை. றுஷ்தா எழுந்து தன் பிழையைத் தானே சொன்னாள், ஒரு வரியையும் மறைக்காமல். அவளுடைய மெஷின் ஓடியபோது ஐஸ் அறை மெஷின் ஊமையாகக் கிடந்ததையும், இதை நிறுத்தியதும் அது விழித்ததையும் கமிட்டி தன் கண்ணால் பார்த்தது. இராசையா எழுந்தார். "புள்ளி வைச்சது நான்தான். ஆருக்கும் சொல்லேல்லை. மறைக்கவும் தெரியேல்லை."

முனீப் மேசையைத் தட்டினார். "அப்ப கள்ளன் ஆப்புட்டான்! அந்தப் புள்ளைக்குப் பதிலா இவரப் புடிச்சிக் குடுங்க. எனக்கு இந்தப் படமும் தெரியா கிடமும் தெரியா. ஐஸ் அறைப் பக்கம் நான் போய் ஆறு மாசம்."

விரல் எவ்வளவு சுலபமாக ஓராளை விட்டு மற்ற ஆளுக்குத் திரும்புகிறது என்று இஹ்ஸான் ஆச்சரியப்பட்டான். புஸ்பராணி யன்னலடிக்குப் போய் இறங்குதுறையைப் பார்த்தார்.

"செயலாளர் ஐயா, அல் பறக்கா நாளைக்கு விடியத்தானே வெளிக்கிட இருந்தது? படகைக் காணேல்லையே."

"அது... காத்து நல்லா இருந்த. அனுப்பிட்டன். ஆழ்கடலுக்கு."

"கதிராமன் அண்ணை, ஒருக்காக் கூப்பிடுங்கோ."

கதிராமன் கையடக்க வானொலியை மேசை நடுவில் வைத்து அழைத்தார். கரகரப்புக்குப் பிறகு அல் பறக்கா ஓட்டியின் குரல் அறை முழுக்கக் கேட்டது, சந்தேகம் எதுவும் இல்லாத குரல்.

"வெருகல் வாய்க்குப் போறம். முதலாளி ஒரு மணிக்கு ஐஸ் அறையில இருந்து கோல் எடுத்துச் சொன்ன. முத்துப்பிறை அங்கதானாம்."

முனீபின் சட்டையில் கஞ்சி மட்டும்தான் நிமிர்ந்து நின்றது.

"அங்க முத்துப்பிறை இல்லை," என்றார் புஸ்பராணி வானொலியில். "சேறுதான் இருக்கு. ஒரு மாசத்து ஐஸோட போறீங்கள், கவனம்." பிறகு கமிட்டியின் பக்கம் திரும்பினார். "புள்ளியைக் கண்ட எல்லாரும் கள்ளரில்லை. ஆனா இவர் புள்ளியும் கண்டு, அதை வைக்கிறது ஆரெண்டும் கண்டு, வாயை மூடிக்கொண்டு இந்தப் பிள்ளையைக் காட்டினவர். புள்ளி தொடர்ந்து விழவேணுமெண்டுதான் மெஷினை விட்டுப்போட்டு ஆளை அனுப்பப் பாத்தவர். திருத்தவும் விடேல்லை."

மூன்றரைக்குப் பொலிஸ் வந்தது. அறிவித்தலில் இருந்த பெயரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. வரைபடத்தை அவர்கள் சாட்சிக்குச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

நான்கு மணிக்கு றுஷ்தா அந்த ஒரு வரியை அழித்தாள். ஐஸ் அறை மெஷினுக்கு வேறு கார்ட் பூட்டினாள். இனி அது எந்த நேரமும் கதைக்கும், ஆனால் படகுகளின் இடத்தைக் காட்டாது. இராசையா வெறும் சுவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். புள்ளி வைக்க இனி ஒன்றுமில்லை. றுஷ்தாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டு சுபைதா வாசலில் வந்து நின்றார், முத்துப்பிறையின் சொந்தக்காரி. கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர். "இடம் யாருக்கும் காட்ட வேணாம். ஆனா என்ட படகு பன்னெண்டு மணிக்குக் கதைச்சா, கதைச்சிட்டுதெண்ட ஒரு வரி இங்க வரட்டும். எங்கேயெண்டு வேணாம். கதைச்சிட்டுது, அவ்வளவுதான். ஏலுமா மகள்?"

"பத்து நிமிசம், மாமி," என்றாள் றுஷ்தா.

ஆறு நிமிடத்தில் முடித்தாள். மெஷினை அணைத்து மீண்டும் போட்டதும் திரையில் ஒரு வரி விழுந்தது. இராசையா கண்ணாடியைத் தேடினார். அது அவள் எழுதிய வரி இல்லை. முத்துப்பிறையோடு பேசிவிட்டு வானொலி அறையிலிருந்து கதிராமன் அடித்த வரி.

"ரூபன் சொல்லச் சொன்னது: அப்பா பஸ் ஏறின கதை கேட்டனான். பத்தாந் திகதி கரைக்கு வாறன். வாசல் மிதிக்கலாமோ?"

இராசையா ஐஸில் விறைத்துப்போன விரல்களைச் சாரத்தில் துடைத்தார். எழுத்துத் தேட நேரம் எடுத்தது. ஒரு விரலால், இரண்டே எழுத்து: ஓம். அது போகிறவரைக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இஹ்ஸான், ஏதாவது செய்ய வேண்டுமே என்று மஸ்கட் பெட்டிக்குக் கையை நீட்டினான். கிழவர் பெட்டியைத் தூக்கி மெஷினுக்கு மேல் வைத்தார்.

"பத்தாந் திகதி வாங்கோ, தம்பி," என்றார்.